தனிமையை விற்றவர்

உலகத்துக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவர்களில் பல ரகம் உண்டு. மனசு கேட்காமல் கிளம்புகிறவர் ஒரு ரகம். பொழுது போகாமல் கிளம்புகிறவர் இன்னொரு ரகம். பகல் முழுக்க இவர் வீட்டில் இருப்பதை வீட்டிலுள்ளவர்கள் தாங்கமாட்டாததால் கிளம்புகிறவரும் உண்டு. இவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. இரண்டு கூட்டம் போட்டுவிட்டு அடங்கிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு ரகத்தைப் பற்றி. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவார். வேலை இவரிடமிருந்து ஓய்வு பெறாது.

இவரை உங்களுக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவுவது என்று நாலு பேர் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, "எங்க கம்பெனியில..." என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். வங்கியில் இருந்தவரென்றால் தொட்டிக்கு இரண்டு பூட்டு வேண்டும், இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பார். காவல்துறையில் இருந்தவரென்றால் தொட்டியை அழுக்காக்கியது யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவரோ விஷயத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். தொட்டியில் புழு நெளிந்துகொண்டிருக்கும். அதற்கென்ன?

இப்படிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டால் நாம் பிழைத்தோம். சில பேர் உட்காருவதில்லை. சேவை அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள்.

அப்படித் தொடங்கிய ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாஷிங் மெஷின் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து, கழுத்தில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வட்டாரத்துக்கே விற்பனை மேலாளராகி ஓய்வு பெற்றவர். கீழே வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'டார்கெட்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை; மனதுக்குள் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

அவரைச் சேவைக்கு இழுத்தது ஒரு விபத்து. அவர் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்த ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், மறுநாள் அவருடைய மகள் வந்து கதவை உடைக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஸ்ட்ரெச்சர் படியிறங்கியபோது டார்கெட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் மேலே திறக்கிற மெஷின், எந்த வீட்டில் முன்பக்கம் திறக்கிற மெஷின், யார் இன்னும் கையால் துவைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

"நம்ம தலைக்கு மேலதான் கிடந்திருக்காங்க. நான் கீழ உக்காந்து டிவி பாத்துட்டிருந்திருக்கேன்" என்றார் மனைவியிடம்.

"ம்" என்றார் மனைவி. மின்வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, புகார்ப் பிரிவிலேயே ஓய்வு பெற்றவர் அவர். நீளமாகப் பேசுகிற பழக்கமில்லை.

இப்படித்தான் 'துணை' பிறந்தது. தனியாக இருக்கிறவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை யாராவது போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. அவ்வளவுதான் திட்டம். இவ்வளவு எளிமையான ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்க யாரால் முடியும்? பயிற்சி பெற்ற ஒருவரால்தான் முடியும்.

தொண்டர்களாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எதிர் வீட்டு டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் டார்கெட்டின் மைத்துனர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நேற்றுவரை ஆசிரியர். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகியதால், சோபாவில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

பயிற்சி வகுப்பு சாப்பாட்டு மேசையில் நடந்தது. டார்கெட் எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பலகை வாங்கிவந்து ஃபிரிட்ஜின்மேல் சாய்த்து வைத்திருந்தார். யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் அமைப்பின் லட்சியங்களை முதலில் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும்.

"கதவைத் திறந்ததும் என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"வணக்கம் சொல்லுவேன்" என்றார் டீச்சர்.

"போச்சு. அவங்களும் வணக்கம் சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. கேள்வி கேக்கணும் டீச்சர். எங்க கம்பெனியில முதல் பாடமே அதான். தேவையை நாம கண்டுபிடிக்கக் கூடாது, உண்டாக்கணும்."

"என்ன கேள்வி?"

"கடைசியா உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க? எப்ப வந்தாங்க? எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

மைத்துனர் கையை உயர்த்தினார்.

"அத்தான், எனக்கே வயித்தைப் பிசையுது."

"அது. அந்தப் பிசையலைத்தான் நான் கேக்கறேன்" என்று பலகையில் ஒரு வட்டம் போட்டார் டார்கெட்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கதவு தட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. சேவை செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, மணியை அழுத்தலாமா வேண்டாமா, தப்பாக நினைத்துக்கொள்வார்களோ, தூங்கிக்கொண்டிருப்பார்களோ என்றெல்லாம் யோசித்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடுகிறவர்கள். டார்கெட் அப்படியில்லை. வரிசையாக ஏழெட்டு வீட்டில் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினாலும் அடுத்த வீட்டில் அதே சிரிப்போடு நிற்பார். அந்தச் சிரிப்பில் ஒரு மாற்றும் குறையாது. தெருத் தெருவாகத் தனியாட்கள் வெளியே வந்தார்கள். பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தும் ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேர் இவரால் அறிமுகமாகி, சண்டையே போட்டுக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

கெட்டது எங்கே? வாராந்தர ஆய்வுக் கூட்டத்தில்.

"இந்த வாரம் எத்தனை பேர்?" என்றார் டீச்சரிடம்.

"ஒருத்தங்கதான். மூணு தடவை போனேன். அவங்க பேச ஆரம்பிச்சதே மூணாவது தடவைதான்."

"அது ரிப்பீட். கணக்குல வராது."

"ஏன் வராது?"

டார்கெட் உண்மையிலேயே குழம்பிப்போனார். ஏன் வரும்? அவருடைய உத்தியோக வாழ்க்கையில் ஒரு வீட்டுக்கு அவர் இரண்டாவது முறை போனதே கிடையாது. விற்றாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, கைகுலுக்கியாயிற்று. அப்புறம் அந்த வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றால் மெஷின் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதற்கு சர்வீஸ் என்று வேறொரு பிரிவு இருந்தது, வேறு மாடியில். பழைய வாடிக்கையாளர் யாராவது எதிரே வந்தால் டார்கெட் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். விரோதமில்லை. வழக்கம்.

இந்த நிலையில்தான் அவர் மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மருந்துக்கடைக்காரர் தெருமுனையில், முக்குவீட்டில் இருந்தார். மனைவி இறந்து சில வருஷமாகியிருந்தது, கடையையும் கொடுத்துவிட்டார். ஜன்னல் நிறைய பூந்தொட்டிகள். ஒரு ரேடியோ. ஒரு சதுரங்கப் பலகை, அதில் இரண்டு பக்கமும் அவரே ஆடுவார். மனிதர் சந்தோஷமாக இருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டார்கெட் அங்கே இருந்தது அரை மணி நேரம்தான்.

"எனக்கு ஒண்ணும் குறையில்லையே சார்" என்றார் மருந்துக்கடைக்காரர், உட்கார நாற்காலியைக் காட்டிவிட்டு.

"இருக்கிறது தெரியாது சார். அதுதான் இதுல ஆபத்து. கடைசியா உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"சிலிண்டர் போடறவர்."

"உக்காந்து பேசினாரா?"

"சிலிண்டரை வச்சுக்கிட்டு அவர் எதுக்கு உக்காரணும்?"

டார்கெட் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு கப்புதான் வச்சிருக்கீங்க போல."

"ஒரு ஆளுக்கு ஒரு கப்பு." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவரும் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"செஸ் நல்லா ஆடுவீங்களா?"

"ஏதாவது ஒரு பக்கம் ஜெயிச்சுத்தானே ஆகணும்."

"ஜெயிச்சா யார்கிட்ட சொல்லுவீங்க?"

மருந்துக்கடைக்காரர் ஒரு காயைக் கையில் எடுத்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டார்கெட் படியிறங்கி வந்தபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பழைய நாட்களின் சூடு உடம்பில் திரும்பியிருந்தது. எவ்வளவு கெட்டியான வாடிக்கையாளர், என்ன அழகாக முடிந்தது. தன் காலால் நிற்கிற மனிதரிடம் ஊன்றுகோல் விற்றுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

மருந்துக்கடைக்காரர் அன்று சாயங்காலம் ஒரு ஆட்டத்தில் ஜெயித்தார். சொல்ல ஆளில்லை. மறுநாள் கடைக்குப் போய் இன்னொரு கப் வாங்கி வந்தார். அது அலமாரியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் பேசுகிறவர்கள் வேறு யாரிடமோ பேசுவதாகப் பட்டது. 'துணை'க்கு போன் செய்தார். 'துணை'யின் தொலைபேசி என்பது டார்கெட் வீட்டுத் தொலைபேசிதான், மனைவிதான் எடுத்தார். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை என்று கூப்பிட ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர்.

முதலில் மைத்துனரை அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவியின் நோயைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மைத்துனரின் கால் தரையை அழுத்தியது. "மெதுவா, மெதுவா. அந்தப் பக்கம் திரும்பாதீங்க. நேராப் போங்க" என்றார். எங்கே நேராகப் போவது என்று தெரியாமல் மருந்துக்கடைக்காரர் நின்றுவிட்டார்.

அடுத்தது டீச்சர்.

"அவ இருந்தப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லாம் நல்லா இருந்தன" என்றார் டீச்சர். "பன்மை."

அதன் பிறகு முக்குவீட்டிலிருந்து போன் வரவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் இதை ஒரு நல்ல செய்தியாக டார்கெட் அறிவித்தார். திருப்தியடைந்த வாடிக்கையாளர். காப்பி கொண்டுவந்த மனைவி தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்.

"தினம் கூப்பிட்டவர் திடீர்னு நிறுத்திட்டாருன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, கரண்ட் வந்திருக்கணும். இல்லன்னா, நம்மகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லன்னு முடிவு பண்ணியிருக்கணும். அவருக்குக் கரண்ட் வரல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளா அந்த ஜன்னல் திறக்கல. செடியெல்லாம் தொங்குது. நீங்க போயிட்டு வாங்க."

"நானா? நான்தான் ஏற்கெனவே போயிட்டேனே."

"ரெண்டாவது தடவை போங்க."

டார்கெட்டுக்கு வியர்த்தது. மேல்மாடியிலிருந்து இறங்கிய ஸ்ட்ரெச்சர் கண்முன் வந்தது. அதைவிட, சொல்ல வெட்கமான இன்னொரு பயமும் இருந்தது: போய் என்ன சொல்வது? விற்க ஒன்றும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது?

"நீயும் வாயேன்" என்றார். ஆயுள் முழுக்க எந்த வாசலுக்கும் அவர் ஆள் கூட்டிக்கொண்டு போனதில்லை.

முக்குவீட்டு மணியை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். எத்தனையோ ஆயிரம் கதவுகளுக்கு முன்னால் நின்றவர். ஒரு கதவாவது திறக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். "சார்" என்றார். மனைவி கைமுட்டியால் கதவை ஓங்கித் தட்டினார்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரர் சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். டார்கெட்டைப் பார்த்துக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டார்கெட் சமாளித்திருப்பார், அதற்கெல்லாம் பதில் மனப்பாடம்.

"சார், நீங்க குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?" என்றார். "நான் முன்ன மாதிரியே இருந்துக்கறேன்."

விற்ற சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று கம்பெனியில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டு வாசலில் டார்கெட்டுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மனைவி உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. எப்பலேருந்து இப்படி இருக்கு?"

மருந்துக்கடைக்காரர் சொல்லத் தொடங்கினார். மனைவி "ம்" என்றார். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "சரி" என்றார் மனைவி. அவர் டார்கெட்டைத் திட்டினார், பிறகு மைத்துனரை, இலக்கணத்தை, கடைசியில் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் செத்துப்போன மனைவியையே திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புரியுது" என்றார் இவர். ஊர் முழுக்க இருட்டில் உட்கார்ந்து தன்னைத் திட்டியதைக் கேட்டே சம்பளம் வாங்கியவருக்கு அவசரமென்ன? நடுவில் மூன்று நாலு தடவை டார்கெட் ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தார். மனைவி பார்வையைத் திருப்பாமல் அவர் காலை மிதித்தார். மருந்துக்கடைக்காரர் கடைசியில், இறந்த மனைவி இவர் கடை மருந்தை நம்பாமல் அடுத்த தெருக் கடையில் திருட்டுத்தனமாக மருந்து வாங்கிய கதையைச் சொல்லி, சொல்லும்போதே சிரித்துவிட்டார். காப்பி போட எழுந்தார். இரண்டு கப்தான் இருந்தது. தனக்குத் தம்ளரில் ஊற்றிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் புகார்ப் பிரிவுக்குக் கோயில் கட்டிவிடலாம். ஆனால் டார்கெட்டின் மனைவியான அந்த அம்மாவும் நான் சொன்ன ரகம்தான். கிளம்பும்போது, வாசலில் நின்று, "உங்க புகார் பதிவாயிடுச்சு. ஆள் அனுப்பறோம்" என்றார்.

"யாரை?" என்றார் மருந்துக்கடைக்காரர், கவலையோடு.

அம்மா கணவரைப் பார்த்தார். "இவரைத்தான். இவர்தானே வித்தாரு."

டார்கெட் போனார். முதல் சில வாரங்கள் கொடுமை. பேச்சு நின்றுபோகிற இடங்களில் எல்லாம் அவர் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடும். சதுரங்கம் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் அவசரமாக முடிக்கப் பார்த்து, ஒவ்வொன்றிலும் தோற்றார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: வாராவாரம் தோற்றும் அவர் முகம் ஒருநாளும் சுருங்கவில்லை. பாதி ஊர் முகத்தில் கதவைச் சாத்தியதைத் தாங்கிய மனிதருக்கு ராணி போனால் என்ன, யானை போனால் என்ன? அடுத்த ஆட்டத்துக்கு அதே சிரிப்போடு காய்களை அடுக்குவார். மருந்துக்கடைக்காரருக்கு ஜெயித்ததைச் சொல்ல ஆள் கிடைத்தது மட்டுமல்ல, தோற்றவரிடமே சொல்ல முடிந்தது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஜன்னலில் செடிகள் நிமிர்ந்தன.

'துணை' இன்று நன்றாகவே நடக்கிறது. முதல் தடவை கதவு தட்டுவது டார்கெட். இரண்டாவது தடவை யார் போவது என்பதை மனைவி முடிவு செய்கிறார். தெருவைக் கடக்கப் பயந்து வருஷக்கணக்காக வெளியே வராமல் இருந்த ஒரு முதியவர், மைத்துனர் பக்கத்தில் வந்து "மெதுவா, மெதுவா" என்று சொன்னால்தான் நடப்பேன் என்கிறார். டீச்சரை என்ன செய்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

டார்கெட் திருந்திவிட்டார் என்று நினைத்து நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். ஒருநாள் வெள்ளைப் பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: இரண்டாம் வருகைகள், இந்த மாத இலக்கு. இப்போது, போனவர்கள் மறுபடி மறுபடி வருகிறார்கள், ஒரு தூக்கம் போட விடமாட்டேன் என்கிறார்கள் என்று சில வீடுகளிலிருந்து புகார் வருகிறது. மனைவி பதிவு செய்துகொள்கிறார். போதாததற்கு மருந்துக்கடைக்காரரும் அமைப்பில் சேர்ந்திருக்கிறார். போன கூட்டத்தில் பின்வரிசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, தனியாக இருப்பவர்களுக்குத் துணை என்பது காலையும் மாலையும், சாப்பாட்டுக்குப் பிறகு, சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் நடுவில் நிறுத்தாமல் கொடுக்கப்பட வேண்டும் என்று அவர் விளக்கியபோது, டார்கெட் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று உங்கள் விரல் தேடியதா? அந்தக் குளியலறையின் ஈரத் தரையைப் படித்ததும் எந்த எலும்பு முறிந்திருக்கும் என்று யோசித்தீர்களா? 'துணை' முறைப்படி பதிவு செய்யப்பட்ட அமைப்பா என்று ஒரு சந்தேகம் வந்ததா? வந்திருந்தால், நாளைக்கே ஊருக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றும்போது கொஞ்சம் நிதானியுங்கள். வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இல்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லவே இல்லை, அதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்கிறீர்களா?

சரி. நீங்கள் வக்கீல்.